ஓடாவியின் தலையும் கம்ப்யூட்டரின் மாதிரியும்

1

தோணி கட்டுவதற்குப் படம் கிடையாது. நூற்றுக்கணக்கான டன் சரக்கேற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்த தூத்துக்குடித் தோணிகளைக் கட்டிய ஓடாவிகள் காகிதத்தில் கோடு போட்டு வேலையைத் தொடங்கியவர்கள் அல்லர். முதலில் ஏராக்கட்டை. அதன் நீளத்தை வைத்து அகலம், அகலத்தை வைத்து ஆழம். பிறகு வங்குகள் ஏறும், பலகைகள் வளையும். கணக்கு முழுவதும் ஓடாவியின் தலைக்குள் இருந்தது. ‘இந்த வங்கு எவ்வளவு வளையணும்?’ என்று கேட்டால் வாய் பதில் சொல்லாது. கை போய் மரத்தைத் தடவும்.

‘மூலதனம்’ முதல் பாகத்தில் (1867) மார்க்ஸ் தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிடுகிறார். எவ்வளவு மோசமான கலைஞனும் கட்டடத்தை முதலில் மனத்தில் எழுப்பிவிடுகிறான். தேனீயால் அது முடியாது என்பது அவர் வாதம். ஓடாவியை இதற்குச் சாட்சியாக அழைக்கலாம். ஆனால் அவரிடம் கூடுதலாக ஒன்று இருந்தது. மனத்தில் எழுப்பியவரே கையாலும் எழுப்பினார். திட்டத்துக்கும் வேலைக்கும் நடுவே இருந்தது கூப்பிடு தூரம் மட்டுமே. அங்கே ‘தகவல் தொடர்பு’ என்று தனியாக ஒரு பிரச்சினை எழ இடமில்லை.

இதைச் சொல்வது பழமையைக் கும்பிடுவதற்காக அல்ல. அந்த அறிவு குடும்பங்களுக்குள் பூட்டிக் கிடந்த அறிவு. கூடமாட நிற்கும் பையன் வருஷக்கணக்கில் பார்த்துத்தான் அதைப் பிடிக்கவேண்டும். ஓடாவி கண்ணை மூடினால் கணக்கும் மூடிக்கொள்ளும். மேலும், தலைக்கணக்கில் தோணி கட்டலாம். துறைமுகம் கட்ட முடியாது.

2

பழைய தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆழம் போதாது. கப்பல்கள் சுமார் 5 மைலுக்கு அப்பால் நங்கூரமிடும். தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கும். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோதும் நிலைமை இதுதான். ஏ. ராமசாமி முதலியார் தலைமையில் 1955-இல் அமைந்த குழு சேதுக் கால்வாயையும் தூத்துக்குடி ஆழ்துறைமுகத்தையும் இணைத்தே பரிந்துரைத்தது. கால்வாய் இன்றுவரை முடியவில்லை. துறைமுகம் கட்டப்பட்டு, 1974 ஜூலை 11 அன்று நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

அதன் உயிர்நிலை கடலுக்குள் நீளும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். உள்ளே சிறுகல், அதன்மேல் பெருங்கல், அலை மோதும் முகத்தில் டன் கணக்கில் எடையுள்ள கல். படத்தில் அந்தச் சரிவு நேர்கோடு. கடலில் அது ஒவ்வொரு கல்லும் எங்கே விழுந்து எப்படிச் சாய்ந்து உட்காருகிறது என்ற விஷயம்.

இப்படிப்பட்ட கட்டுமானத்துக்கு முன்னோட்டமாகப் பொறியாளர்கள் மாதிரி செய்து பார்ப்பதுண்டு. 1916-இல் தொடங்கப்பட்டு, புணே அருகே கடக்வாஸ்லாவில் இயங்கும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் தூத்துக்குடி உட்பட நம் துறைமுகங்கள் பலவற்றைச் சிறிய அளவில் தொட்டிக்குள் அமைத்து, செயற்கை அலைகளை ஏவிச் சோதித்திருக்கிறார்கள். ‘மாதிரி’ என்ற சொல் நம் கட்டுமானத்துக்குள் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. ஆனால் அந்த மாதிரி பேசியது பொறியாளர்களிடம். கல்லை இறக்கியவரிடம் வந்து சேர்ந்தது மாதிரி அல்ல, உத்தரவு.

நம் பொதுப்பணி மரபே இந்த ஏணிதான். ஆங்கிலத்தில் டிராயிங்; அதை ஓவர்சியர் படித்து மேஸ்திரியிடம் பாதித் தமிழில் சொல்வார்; மேஸ்திரி கொத்தனாரிடம் முழுத் தமிழில் சொல்வார்; சித்தாளிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு மொழிபெயர்ப்பு. எல்லாம் கீழ்நோக்கியது. மேல்நோக்கிப் போகும் ஒரே ஏடு எம்.புக் என்கிற அளவுப் புத்தகம். அதிலும் எழுதுகிறவர் வேறு, அளக்கப்படும் வேலை வேறொருவருடையது. திட்டமிடுதலையும் செய்தலையும் பிரித்துவைத்ததே முதலாளியத்தின் உழைப்பு ஒழுங்கு என்று ஹாரி பிரேவர்மன் வாதிட்ட நூல் வெளியானதும் 1974-இல்தான். தற்செயல். ஆனால் யோசிக்க வைக்கும் தற்செயல்.

3

பிரித்தாகிவிட்டது. பிறகு இணைக்கவேண்டுமே! கட்டடக்கலைப் படம் ஒரு தாள், கம்பிப் படம் ஒரு தாள், குழாய்க்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. பீம் ஓடும் இடத்திலேயே குழாயும் ஓடுவது தாளில் தெரியாது; கான்கிரீட் இறுகியபின் தெரியும். ‘படத்துல ஓட்டையே இல்லியே அண்ணாச்சி, இப்ப வந்து பீமக் குடையச் சொல்லுதீங்க?’ என்று கொத்தனார் கேட்பார். ரிவிஷன் தாள் ஆபீஸிலேயே தங்கியிருக்கும். பழி மட்டும் சைட்டுக்கு வந்துவிடும்.

இந்தப் பிரச்சினைக்கான விடையின் வேரும் அதே காலத்தில்தான் விழுந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஈஸ்ட்மன் தனித்தனித் தாள்களுக்குப் பதிலாகக் கட்டடம் முழுவதையும் ஒரே கணினி விவரணையாக வைத்துக்கொள்ளும் முறையை முன்வைத்தார்; 1975-இல் அது பரவலாகத் தெரியவந்தது. இன்று பி.ஐ.எம். எனப்படும் கட்டடத் தகவல் மாதிரியாக்கம் அதன் வாரிசு. சுவர் இங்கே இரண்டு கோடுகள் அல்ல. பருமன், பொருள், அளவு, விலை, கட்டவேண்டிய நாள் எல்லாம் ஏறிய ஒரு பொருள். ஓரிடத்தில் மாற்றினால் அதிலிருந்து எடுக்கும் எல்லாப் படங்களும் மாறும். பீமும் குழாயும் முட்டினால் கான்கிரீட் போடுமுன்பே திரையில் காட்டும். பிரிட்டன் 2016-இலிருந்து மைய அரசின் கட்டுமானங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 2018-இல் ஐ.எஸ்.ஓ. 19650 என்ற உலகத் தரமும் வந்தது.

லாபம் உண்மையானது. உடைத்துக் கட்டும் கூலியும் சிமென்டும் மிஞ்சும். அதை மறுப்பது வீம்பு. ஆனால் ‘தொடர்பு மேம்படுகிறது’ என்ற கூற்றை அப்படியே ஏற்கமுடியுமா? லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்துக்காக ஹிக்கினும் ஜெஸ்ஸப்பும் கட்டடத் தொழிலின் தொடர்பைப் பற்றி 1965-இலேயே ஓர் ஆய்வறிக்கை எழுதினார்கள். தகவலை அனுப்பும் கருவியோடு முடிகிற சிக்கலாக அதை அவர்கள் பார்க்கவில்லை. யார் யாரை நம்பி நிற்கிறார்கள், யாருக்கு என்ன பொறுப்பு என்ற உறவுகளோடு பிணைந்த சிக்கலாகவே பார்த்தார்கள். கருவி மாறலாம். உறவு?

4

ஓடாவியின் தலைக்குள் ஒன்றாயிருந்ததை, ஏணி உடைத்ததை, மாதிரி மறுபடி ஒன்றாக்குகிறது. ஆனால் ஒன்றாக்குவது ஆபீஸில். வடிவமைப்பாளரும் ஆலோசகரும் காண்டிராக்டரும் ஒரே திரையைப் பார்க்கிறார்கள். கம்பி கட்டுபவர் கைக்கு வருவது அதிலிருந்து அச்செடுத்த தாள்தான். பழைய தாளைவிடத் திருத்தமான தாள், அவ்வளவே.

இந்தக் கடற்கரைக்கு இது புதிதல்ல. கடலடியில் முத்துச்சிப்பி படியும் பாறைத்திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். தொள்ளாயிரம் பார் முதலிய பெயர்களெல்லாம் கடலோடிகள் இட்டவை. எட்கர் தர்ஸ்டனும் ஜேம்ஸ் ஹார்னலும் எழுதிய அரசாங்க அறிக்கைகளில் அந்தப் பெயர்கள் ஏறின. குளிப்பவரின் அறிவு இல்லாமல் அந்த வரைபடம் இல்லை. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிப்பிக் குவியலில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. சொல் மேலே போனது. பங்கு அப்படியே நின்றது. 1961-க்குப் பின் பெருமுத்துக்குளிப்பே நடக்கவில்லை.

தூத்துக்குடியில் இப்போது மறுபடி கட்டுமானக் காலம். வெளித்துறைமுகத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். விமான நிலையப் புது முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பெரிய சைட்டுகளில் இன்று தமிழோடு இந்தியும் ஒடியாவும் வங்காளமும் கேட்கின்றன. ஏணியின் கடைசிப் படியில் மொழிபெயர்ப்புகள் கூடியிருக்கின்றன, குறையவில்லை.

ஆகவே இங்கே மாதிரியிடம் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை. ‘இங்கன முட்டுது’ என்று கொத்தனார் தன் மொழியில் சொன்னால் அது மாதிரிக்குள் பதிவாகுமா? பதிவானால் அவர் பெயரோடு பதிவாகுமா? எத்தனை கன அடி வேலை முடிந்தது என்று அதற்குத் தெரியுமே, கூலிக் கணக்கு பார்க்கும் நாளில் அந்தத் திரையை அவர் பக்கமும் திருப்பிவைப்பார்களா? திருப்பினால் அதைத் தொடர்பு என்று ஒப்புக்கொள்ளலாம். அதுவரை அது நன்றாகப் போடப்பட்ட உத்தரவு மட்டுமே.