கையடக்க விளையாட்டுக் கருவிகளின் எமுலேட்டர்களும் சட்டச் சிக்கல்களும்

எமுலேட்டர் என்பது ஒரு கருவிக்காக உருவாக்கப்பட்ட நிகழ்பட ஆட்டத்தை வேறொரு கருவியில் இயங்கச் செய்யும் மென்பொருள். எமுலேட்டர் எழுதுவது பதிப்புரிமை மீறலா என்ற கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே விடை கூறியது. அது எமுலேட்டர்களுக்குச் சாதகமான விடை. ஆயினும் 2024இல் நின்டெண்டோ கையடக்கக் கருவிகளுக்கான முக்கிய எமுலேட்டர்கள் நிறுத்தப்பட்டன. வழக்கின் மையம் நகலெடுத்தலிலிருந்து பூட்டுடைத்தலுக்கு மாறியதே இதற்குக் காரணம்.

முந்தைய வழக்குகள்

1999இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் பிளேஸ்டேஷன் ஆட்டங்களை மேக் கணினியில் இயக்கும் மென்பொருளை வெளியிட்டது. அதை உருவாக்கும்போது சோனியின் பயோஸ் நிரலை நகலெடுத்து ஆராய்ந்திருந்தது. விற்ற மென்பொருளில் அந்த நிரல் இல்லை. சோனி வழக்குத் தொடுத்தது. ஆய்வுக்காக எடுத்த நகல் நியாயமான பயன்பாடே என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. எனினும் மறு ஆண்டே சோனி அம்மென்பொருளை விலைக்கு வாங்கி விற்பனையை நிறுத்தியது. சோனியுடன் வழக்காடிய பிளீம் நிறுவனம் முக்கியத் தீர்ப்புகளில் வென்றும், வழக்குச் செலவு தாங்காமல் 2001இல் மூடப்பட்டது.

மறைகுறியாக்கமும் 1998ஆம் ஆண்டுச் சட்டமும்

பிளேஸ்டேஷன் வட்டுகளில் ஆட்டத்தின் தரவு மறைகுறியாக்கம் செய்யப்படவில்லை. 2017இல் வெளிவந்த நின்டெண்டோ சுவிட்சின் ஆட்டங்கள் மறைகுறியாக்கப்பட்டவை. அவற்றைத் திறக்கச் சாவிகள் தேவை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம், இத்தகைய பூட்டைத் தாண்டுவதையும் அதற்கான கருவிகளைப் பரப்புவதையும் தடை செய்கிறது.

2018இல் தொடங்கிய யூசு என்ற திறந்த மூல எமுலேட்டர் சாவிகளைத் தன்னுடன் வழங்கவில்லை. பயனரே அவற்றைத் தம் கருவியிலிருந்து எடுத்துத் தர வேண்டும். ஆனால் சாவிகளைக் கொண்டு ஆட்டத்தைத் திறப்பது யூசுதான் என்பது நின்டெண்டோவின் வாதம். 2024 பிப்ரவரி 26 அன்று ரோட் தீவு கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஒரு புதிய செல்டா ஆட்டம் 2023 மேயில் வெளியாகும் முன்பே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை திருட்டுத்தனமாகப் பதிவிறக்கப்பட்டதாக நின்டெண்டோ கூறியது. ஒரே வாரத்தில் சமரசம் ஏற்பட்டது. யூசு தரப்பு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. 3டிஎஸ் கருவிக்கான சிட்ரா எமுலேட்டரும் யூசுவுடன் நிறுத்தப்பட்டது. அக்டோபரில், நின்டெண்டோ அணுகியதைத் தொடர்ந்து ரியூஜின்க்ஸ் எமுலேட்டரும் வழக்கின்றியே நின்றது.

விளைவு

யூசு வழக்கு சமரசத்தில் முடிந்ததால், பயனர் தாம் வாங்கிய ஆட்டத்தைத் தம் சாவியால் திறப்பது குறித்து அதில் விசாரணை நடக்கவில்லை. ஆகவே 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றும் செல்லுபடியாகும். ஆனால் மறைகுறியாக்கப்பட்ட ஆட்டங்களுக்கு அது முழுப் பாதுகாப்பு அல்ல. பாதிப்பு திருட்டு நகலுடன் நிற்பதில்லை. 3டிஎஸ் கருவியின் இணையக் கடையில் 2023 மார்ச்சில் விற்பனை நின்றது. அங்கு மட்டுமே விற்கப்பட்ட ஆட்டங்களைப் புதிதாக வாங்க இப்போது வழியில்லை. அக்கருவிகள் பழுதாகும் காலத்தில் அவ்வாட்டங்களை இயக்க எஞ்சியிருக்கும் முக்கிய வழி எமுலேட்டரே.