குளிக்கும் தண்ணீருக்கு ஒரு பலகை

ஆனி மாதம் பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் வடகரையில் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரர்கள் கூப்பிடுவார்கள். "குற்றாலத்தில் தண்ணி எப்படி இருக்கு?" என்பார்கள். நிறைய விழுகிறதா, குறைவாக விழுகிறதா என்றுதான் அதற்கு அர்த்தம். தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

குற்றாலக் குளியலுக்கு வயது அதிகம். 18-ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியபோதே இது பெயர்பெற்ற தலம். பிறகு வந்த கும்பெனி அதிகாரிகளும் சாரல் காலத்தில் உடம்பைத் தேற்றிக்கொள்ள இங்கே வந்து தங்கினார்கள். ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். 1830-களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞர் இந்த மலையில் செடிகொடிகளைச் சேகரித்தார். மூலிகைகளைத் தழுவி வருவதால் இந்தத் தண்ணீர் நோய் தீர்க்கும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். நான் அதை மறுக்கவும் இல்லை, முழுக்க நம்பவும் இல்லை. எனக்குத் தெரிந்த காரணம் வேறு. பேரருவிக்கு மேலே ஊர் கிடையாது. செண்பகாதேவி, தேனருவி, அதற்கு மேல் காடு, அவ்வளவுதான். சாக்கடை வந்து சேர வழியில்லை. ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்திலிருந்து பாறையில் மோதி, பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி வரும் தண்ணீரில் காற்று நன்றாகக் கலந்துவிடுகிறது. ஓடுகிற தண்ணீர் சுத்தம் என்று பாட்டிமார் சொன்னதில் பாதி இதுதான்.

மீதிப் பாதி நம் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் எண்ணெய் தேய்த்து, சீயக்காயோ அரப்போ போட்டுக் குளித்தார்கள். அதுவும் அழுக்குத்தான், ஆனால் ஆட்கள் குறைவு. பிறகு சோப்பு வந்தது. அதன் பின்னால் சின்னப் பாக்கெட்டில் ஷாம்பூ வந்தது. ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் விற்கலாம் என்று கண்டுபிடித்தது கடலூர். புதுச்சேரிக்காரனான எனக்கு அது பக்கத்து ஊர். பெருமைப்படுவதா வேண்டாமா என்று இன்றுவரை தெரியவில்லை. சீசனில் அருவிக்கரையில் மிதித்து நடந்த பாக்கெட்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2014-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. எண்ணெய்க் குளியலுக்கே பேர்போன ஊரில் எண்ணெய்க்குத் தடையா என்று பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த உத்தரவு சரியாகவே பட்டது. நாம் குளித்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். தண்ணீர் எங்கே போகிறது? சிற்றாறாகித் தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. எங்கள் மேக்கரையில் அடவிநயினார் அணையைத் தாண்டி வரும் அனுமன் நதியும் வீரகேரளம்புதூர்ப் பக்கத்தில் அதே சிற்றாற்றில்தான் கலக்கிறது. வழியெல்லாம் வயலும் ஊரும் இருக்கின்றன. நமக்குக் குளியல் நீர், கீழே உள்ளவனுக்குக் குடிநீர்.

குளத்துத் தண்ணீர் கதை வேறு. என் வயதுக்காரர்களுக்கு நரம்புச் சிலந்தி நினைவிருக்கும். காலில் கொப்புளம் போட்டு, தீயாய் எரிந்து, அதிலிருந்து நூல் மாதிரி ஒரு புழு வெளியே வரும். ஒரு முழத்துக்கும் மேலே நீளும். குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுப்பார்கள். இடையில் அறுந்தால் ஆபத்து. எரிச்சல் தாங்காமல் அந்தக் காலைக் குளத்திலோ படிக்கிணற்றிலோ வைத்தால், புழு அங்கேயே ஆயிரக்கணக்கில் குஞ்சு விடும். அவற்றைத் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி தின்னும். அந்தத் தண்ணீரைக் குடித்தவன் காலில் சுமார் ஒரு வருடம் கழித்து மறுபடி கொப்புளம். குளிக்கிற இடமும் குடிக்கிற இடமும் ஒன்றாக இருந்ததால் மட்டுமே உயிர் வாழ்ந்த நோய் அது. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள், மருந்து தெளித்தார்கள், இறங்கி எடுக்கும் கிணறுகளை இறைத்து எடுக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் பதிவானார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்று கொடுத்தது. அம்மை ஒழிந்ததைப் பேசும் அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

அது ஒழிந்தது என்று நிம்மதியாக இருக்கும்போது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு செய்தி. 2024 கோடையிலும் அதையடுத்த மழைக்காலத்திலும் கேரளத்தில் மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் குழந்தைகள் மூளைக் காய்ச்சலில் இறந்தார்கள். காரணம் ஓர் அமீபா. வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீரில் வாழ்வது. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போய்விடும். குதித்தும் முங்கியும் விளையாடும் பிள்ளைகளுக்குத்தான் அதிக ஆபத்து. கோழிக்கோட்டுப் பக்கத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் பிழைத்தான். உலகத்திலேயே இப்படிப் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆரியங்காவுக் கணவாய் தாண்டினால் கேரளம். கிருமிக்குச் சோதனைச்சாவடி கிடையாது.

சரி, நல்ல தண்ணீர் எது என்று எப்படிச் சொல்வது? இதற்கு அரசாங்கத்திடம் எண் இருக்கிறது. 2000 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் குளிக்கும் நீருக்கான தரத்தை அறிவிக்கையாக வெளியிட்டது. காலமெல்லாம் கோப்பு பார்த்தவன் என்பதால் அறிவிக்கை என்றால் எனக்கு ஒரு மரியாதை. அதில் முக்கியமானது மலக் கோலிஃபார்ம் என்ற கிருமிக் கணக்கு. இந்தக் கிருமி மனிதன், மாடு போன்ற உயிர்களின் குடலில் வாழ்வது. பெரும்பாலும் அதுவே நோய் தராது. ஆனால் அது இருந்தால் அந்தத் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பது போல. 100 மில்லிலிட்டரில், அதாவது ஒரு காபி டம்ளர் அளவில், 500-க்குள் இருந்தால் நல்லது. 2500-க்கு மேல் போகவே கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்றும் உண்டு. அருவியில் இந்த இரண்டாவது கணக்கு சுலபமாகத் தேறிவிடும். முதல் கணக்கு மேலே எத்தனை பேர் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

எண் இருக்கிறது, குளிக்கிறவனுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. மூன்று வருடத்துக்கு முன் என் தங்கையின் பேரன் பாரிஸிலிருந்து வந்திருந்தான். ஐந்தருவியில் கட்டணப் பலகை, எச்சரிக்கைப் பலகை எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, தண்ணி ரிசல்ட் எங்கே ஒட்டியிருக்காங்க?" என்றான். எங்கே என்று காட்டுவது! அவனுக்கு அது சாதாரண விஷயம். ஐரோப்பாவில் 1975 டிசம்பரிலேயே குளிக்கும் நீருக்கென்று சட்டம் போட்டு, 2006-இல் அதைத் திருத்தி, குளிக்கும் இடத்திலேயே தரத்தை எழுதிப் போட வேண்டும் என்று வைத்துவிட்டார்கள்.

அதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் பிறவியிலேயே சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பள்ளியில் சேன் நதியின் அழகைப் பாடமாக வைத்தார்கள். அதில் குளிக்க 1923-லிருந்து தடை என்பதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை! 1988-இல் பாரிஸ் மேயராக இருந்த ஷாக் ஷிராக், சில வருடத்தில் நானே சேன் நதியில் குளித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டார். பின்னால் ஜனாதிபதியே ஆனார், குளிக்கவில்லை. 2024 ஒலிம்பிக்குக்காக ஏறக்குறைய 140 கோடி யூரோ செலவழித்து, மழைநீரும் சாக்கடையும் சேர்ந்து நதிக்குள் வழியாமல் இருக்க நிலத்துக்கு அடியில் பெரிய தொட்டி கட்டினார்கள். அப்படியும் மழை பெய்ததும் தண்ணீர் கெட்டு, ஜூலை 30-ஆம் தேதி நடக்க வேண்டிய ஆண்கள் போட்டியை மறுநாளுக்குத் தள்ளினார்கள். ஆனால் அதை மறைக்கவில்லை. எண் சரியில்லை, போட்டி இல்லை என்று உலகத்துக்கே சொன்னார்கள். 2025 ஜூலை 5 முதல் பொதுமக்கள் குளிக்க மூன்று இடங்களைத் திறந்துவிட்டார்கள். தினமும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடி ஏற்றுகிறார்கள்.

நம்மிடமும் இது முடியாத காரியமில்லை. 2021-இல் எங்கள் புதுச்சேரியில் சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கும், சென்னைக்குப் பக்கத்தில் கோவளத்துக்கும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அந்தச் சான்றுக்குத் தண்ணீரைச் சோதித்து முடிவைக் கரையில் ஒட்ட வேண்டும் என்பது நிபந்தனை. கடலுக்குச் செய்வதை அருவிக்கும் செய்யலாம்.

ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், சூட்டில் வைத்துக் கிருமி வளர்ந்து, எண்ணிச் சொல்ல ஒன்றிரண்டு நாளாகும். பலகையில் இருப்பது முந்தாநாள் தண்ணீரின் கணக்கு. அருவித் தண்ணீரோ அதற்குள் சீவலப்பேரி தாண்டியிருக்கும். அதனால்தான் பாரிஸில் மழைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்துக் கொடி மாற்றுகிறார்கள். நம் பெரியவர்களும் புதுவெள்ளத்தில் இறங்காதே என்றுதான் சொன்னார்கள். முதல் மழை மலையில் கிடந்த அழுக்கையெல்லாம் வழித்துக்கொண்டு வரும், வேகமும் தெரியாது. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்ற பிறகு, வெள்ள எச்சரிக்கையில் அதிகாரிகள் கவனமாக இருக்கிறார்கள். அந்த எச்சரிக்கைக்கு வைக்கிற கம்பத்திலேயே இன்னொரு பலகையும் மாட்டலாம்.

இதை மனுவாக எழுதி, திங்கட்கிழமை தென்காசி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றிலும் சீசன் மாதங்களில் வாரம் ஒரு சோதனை. தேதி, எண், கீழே ஒரு வரியில் விளக்கம். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். அருவிக்குப் போகும்போது என்னைப் போன்றவர்கள் கண்ணாடியைக் கழற்றி வீட்டுக்காரியின் பையில் போட்டுவிடுவோம்.