1603க்கும் 1604க்கும் நடுவே

‘கோஸ்ட் ஆஃப் யோடேய்’ என்கிற வீடியோ கேமின் கதை 1603இல் நடக்கிறது. அந்த வருடத்தில்தான் டொகுகவா இயெயாசு ஜப்பானின் ஷோகுன் ஆகிறார். அடுத்த வருடம், 1604இல், கறுப்பு முத்திரையிட்ட ஒரு சாசனத்தை மட்சுமாயே குலத்துக்குக் கொடுக்கிறார். வடக்கே எஸோ தீவில், அதாவது இன்றைய ஹொக்கைடோவில், ஐனு மக்களோடு வியாபாரம் செய்யும் உரிமை மட்சுமாயேவின் கைக்குப் போகிறது. இந்த இரண்டு வருடங்களுக்கு நடுவிலிருக்கிற சந்தில்தான் சக்கர் பஞ்ச் நிறுவனம் தன் புதிய கதையைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. சட்டம் இன்னும் வந்துசேராத, யாருக்கும் சொந்தமில்லாத பனிநிலம் ஒன்று கதைக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அந்த நிலத்துக்கு ஆள் இருந்தார்கள் என்பதுதான் சிக்கல்.

நான் இதன் பழைய ரசிகன். 2020இல் வந்த முதல் பாகம் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’வை மூன்று தடவை முழுசாக ஆடியவன். 1274இல் மங்கோலியப் படை சுஷிமா தீவில் இறங்கியதையும், ஸோ சுகெகுனி கொஞ்சம் ஆட்களோடு கொமோடா கடற்கரையில் எதிர்த்துச் செத்ததையும் பின்புலமாக வைத்து, ஜின் சகாய் என்ற கற்பனை வீரனை உள்ளே விட்டிருந்தார்கள். பிழைகள் ஏராளம். நாயகன் உட்கார்ந்து ஹைக்கூ எழுதுவான். அந்த வடிவம் பிறக்கவே இன்னும் சில நூற்றாண்டுகள் ஆகவேண்டும். சாமுராய் அறம் என்று அதில் பேசப்படுவதில் பெரும்பங்கு, போரெல்லாம் ஓய்ந்தபின் வந்தவர்கள் தொகுத்துக் கட்டியது. போகட்டும். அந்தப் பிரதிக்குள் ஒரு வெடிப்பு இருந்தது. ஜனங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் ஜின் இருட்டில் ஒளிந்து முதுகில் குத்தவேண்டும். குத்தினால் அவனை வளர்த்த ஷிமுரா பிரபுவின் ஒழுங்கு உடையும். பிரபுவின் மானம் பெரிசா, குடியானவன் உயிர் பெரிசா என்று கேட்கத் தெரிந்த விளையாட்டு அது. சாமுராய்க் கதையாடலை அதன் உள்ளிருந்தே கொஞ்சம் பிரித்துப் போட்டது.

2025 அக்டோபரில் வந்த இந்தப் பாகத்தின் நாயகி அட்சு. பதினாறு வருடம் முன்பு அவள் வீட்டை எரித்து, குடும்பத்தைக் கொன்றவர்கள் ‘யோடேய் அறுவர்’. ஒவ்வொருத்தராகத் தேடிப்போய்த் தீர்க்கிறாள். நாயகி பெண் என்பதற்காக, 2024இல் அறிவிப்பு வந்தபோதே வசைபாடத் தொடங்கிய ரசிகக் கூட்டத்தோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. அட்சு நன்றாகவே வந்திருக்கிறாள். ஈட்டி, இரட்டை வாள், சங்கிலி கோத்த அரிவாள், திரிவைத்துச் சுடும் துப்பாக்கி என்று சண்டையின் நுட்பம் கூடியிருக்கிறது. கூடவே ஒரு ஓநாய் வேறு. கைக்கு இவ்வளவு இணக்கமாக முதல் பாகம் இருந்ததில்லை. ஆனால் முதல் பாகம் கேட்ட கேள்வியை இது கேட்கவில்லை.

தமிழ் படித்தவனுக்குப் புறத்திணை ஞாபகம் வராமல் போகாது. மண்ணாசையால் படையெடுப்பது வஞ்சி. வந்தவனை எதிர்த்து மண்ணைக் காப்பது, புறப்பொருள் வெண்பாமாலைக் கணக்கில், காஞ்சி. சுஷிமாவில் மங்கோலியர் வஞ்சி, ஜின் காஞ்சி, குழப்பமில்லை. எஸோவில் வஞ்சி சூடியது யார்? ஜப்பானியர்கள், அதாவது நாயகியின் சொந்த ஜனங்கள். இந்த இடத்துக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் விளையாட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வடக்கின் ஷோகுன் நானே என்று சொல்லித் திரியும் ஸைட்டோ பிரபு கொடுங்கோலன். அவனை எதிர்த்து நிற்கும் மட்சுமாயே சாமுராய்கள் சட்டம், ஒழுங்கு. கௌபாய் படங்களில் கொள்ளைக்காரனும் ஷெரீஃபும் மோதிக்கொள்வார்கள். பூர்வகுடி ஓரமாக நிற்பான். அதே இலக்கணம். நிறுவனம் இருப்பதும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 1855 ஒப்பந்தத்தில் பூர்வகுடிகளிடமிருந்து எழுதி வாங்கிய நிலப்பரப்பில்.

ஸைட்டோ கற்பனை, மட்சுமாயே கற்பனை இல்லை. ககிசாகி என்ற பெயரோடு தீவின் தென்முனையில் இருந்த குலம் அது. 1457இல் கொஷமைன் தலைமையில் ஐனுக்கள் எழுந்ததை அடக்கித்தான் மேலே வந்தது. 1593இல் ஹிதெயோஷியிடம் அங்கீகாரம் வாங்கியது. 1599இல் மட்சுமாயே என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆக 1603இல் அங்கே அதிகாரம் வராமலில்லை, வந்து உட்கார்ந்து கணக்கெழுதிக்கொண்டிருந்தது. மற்ற பிரபுக்களின் செல்வாக்கை அளந்தது நெல் விளைச்சல். மட்சுமாயேவின் மண்ணில் அன்று நெல்லே கிடையாது. ஐனுக்களின் காய்ந்த சால்மன் மீனையும் தோலையும் வாங்கித் தெற்கே விற்றுத்தான் ஜீவனம். 1604 சாசனம் ஐனுக்கள் விரும்பிய இடத்துக்குப் போகலாம், அவர்களிடம் அநியாயமாக நடக்கக்கூடாது என்றும் சொல்கிறது. காகிதத்தில் இருந்தது அது. வேறு யாரிடமும் விற்க வழியில்லாமல் போனபின் நடந்தது என்ன? நூறு சால்மனுக்கு இரண்டு தோ, அதாவது இருபது ஷோ, அரிசி பிடிக்கும் ஒரு மூட்டை என்பது பழைய விலை. மூட்டை மூட்டையாகவே இருந்தது. உள்ளே அரிசி ஏழெட்டு ஷோவாகச் சுருங்கியது. ஒரு தலைமுறையைப் பட்டினி போட வாள் எதற்கு, படி போதும். போதாததற்கு ஆறுகளில் பொன் அரிக்கிறவர்கள் வந்து மீன் முட்டையிடும் மணலைக் கலக்கினார்கள்.

1669இல் ஐனுக் குழுக்களுக்குள் இருந்த தகராறு மட்சுமாயேவுக்கு எதிரான போராகத் திரும்பியது. தலைவன் ஷாகுஷைன். சமாதான விருந்துக்கு அழைத்து, விருந்திலேயே கொன்றார்கள். கொன்றது மட்சுமாயே ஆட்கள், விளையாட்டில் சட்டம் ஒழுங்காக நிற்கிற அதே குலம்.

1618இல் எஸோ போன பாதிரியார் ஜெரோலமோ தெ ஆஞ்செலிஸிடம், ஜப்பானில் உங்களுக்குத் தடை இருக்கலாம், மட்சுமாயே ஜப்பான் இல்லையே என்கிற அர்த்தத்தில் அன்றைய பிரபு பேசியிருக்கிறார். ஆண்டவனுக்கே தெரிந்திருந்த விஷயம்! தலைப்பில் உள்ள மலையை ஐனுக்கள் மச்சினெஷிர் என்பார்கள், பெண்மலை. யோடேய் என்ற பெயர் வரைபடத்தில் நிலைத்தது இருபதாம் நூற்றாண்டில்.

ஐனுக்களை விளையாட்டு அவமதிக்கவில்லை. ஊர் வருகிறது, வீடுகள் வருகின்றன, துணியின் வேலைப்பாட்டில் அக்கறை தெரிகிறது. அருங்காட்சியகத்தின் மரியாதை அது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களுக்குக் கோபம் வராது, கணக்குத் தீர்க்கவும் எதுவுமிருக்காது. கோபம் முழுக்க அட்சுவுக்கு ஒதுக்கியாகிவிட்டது.

விளையாட்டில் போய் வரலாறு தேடுவானேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முதல் பாகம் வந்தபின் சுஷிமா நகரம் அதன் இயக்குநர்கள் இருவரைத் தன் சுற்றுலாத் தூதுவர்களாக்கியது. 2020 புயலில் விழுந்த வடட்சுமி கோயில் தோரணவாயிலை எடுத்துக்கட்ட, கேட்டதைவிடப் பல மடங்கு பணம் வந்து குவிந்தது. அனுப்பியவர்களில் இந்த விளையாட்டின் ரசிகர்கள் நிறையப்பேர். ஒரு தீவின் நினைவை இது கட்டியெழுப்பும் என்றால், இன்னொரு தீவின் நினைவை மூடவும் செய்யும்.

எஸோவின் கதையும் 1669இல் முடியவில்லை. 1869இல் பெயர் ஹொக்கைடோ ஆனது. ஆற்றில் சால்மன் பிடிக்க மெய்ஜி அரசு தடை போட்டது. 1899 சட்டம் ஐனுக்களை ‘முன்னாள் பூர்வகுடிகள்’ என்று எழுதியது. அதை ரத்துசெய்ய 1997 வரை ஆயிற்று. பூர்வகுடி என்று சட்டத்தில் ஒப்புக்கொண்டது 2019இல். அந்தச் சட்டத்திலும் மீன்பிடி உரிமை இல்லை. 2020இல் உராஹொரோவின் ஐனுக்கள், எங்கள் ஆற்றுமுகத்தில் சால்மன் பிடிப்பது எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.