கோபுரத்திலிருந்து விழுந்தவர்

சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட நார்னியாக் கதை 2005இல் திரைப்படமானபோது, அஸ்லான் என்னும் சிங்கம் கிறிஸ்துவின் உருவகமா என்ற பழைய விவாதம் மீண்டும் எழுந்தது. லூயிஸ் அதை உருவகமென்று ஒப்பியதில்லை. வேறோர் உலகில் இறைமகன் தோன்றியிருந்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணிப்பார்ப்பே அது என்றார். நம் பக்திப் படங்களுக்கு இத்தகைய திரை வேண்டியிருக்கவில்லை. முருகன் முருகனாகவே வந்து நிற்பான். குடும்பத்தோடு சென்றவர்கள் கொட்டகையிலேயே கைகூப்புவார்கள். டி. ஆர். ராமண்ணா இயக்கி 1964இல் வெளிவந்த ‘அருணகிரிநாதர்’ அவ்வகையைச் சேர்ந்தது.

கதை யாவரும் அறிந்ததே. காமத்தில் உழன்று நோயுற்ற ஒருவர் திருவண்ணாமலைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து குதிக்கிறார், முருகன் தாங்கிக்கொள்கிறான். எந்தக் கோபுரம்? ஊருக்குப் புதிதாக வருபவர்கள் 217 அடி உயர ராஜகோபுரத்தையே அண்ணாந்து பார்க்கிறார்கள். அது கிருஷ்ணதேவராயர் தொடங்கிய பணி, 16ஆம் நூற்றாண்டுக்குரியது. அருணகிரியாரோ தம் பாடலொன்றில் பிரபுடதேவ மன்னரைக் குறிப்பிடுகிறார். அவர் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்ட இரண்டாம் தேவராயர் என்பது ஆய்வாளர் கொள்கை. எனவே குதித்த கதைக்கு ராஜகோபுரம் பொருந்தாது. மரபு சுட்டுவதும் அதற்கு உள்ளே, போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பெயரால் நிற்கும் கோபுரத்தையே. அம்மன்னன் 14ஆம் நூற்றாண்டினன் ஆதலால் காலக்கணக்கு இடறவில்லை. இதையடுத்து நிற்பது கிளிகோபுரம். அருணகிரியார் கிளியுருவில் தங்கிய இடம் என்பர். கட்டடமோ சோழர் காலத்தது. கதை பிற்பட்டு வந்து பழைய கல்லுக்குப் பெயர் சூட்டியிருக்கிறது. மன்னன் அவையில் முருகன் தூணில் தோன்றியதாகச் சொல்லும் கம்பத்து இளையனார் சன்னதியையும் சேர்த்தால், ஒரு புலவரின் வாழ்க்கை முழுவதையும் ஒரே கோயிலுக்குள் நடந்து பார்த்துவிடலாம்.

பாடல்களுக்குள் தேடினால் வேறொன்று தென்படுகிறது. கணிகையர் மயக்கத்தைத் தம்மேல் ஏற்றிக்கொண்டு பேசும் திருப்புகழ்ப் பாடல்கள் மிகப்பல. அந்தத் ‘தான்’ எல்லா உயிருக்கும் பொதுவான தன்மை என்றே எனக்குப் படுகிறது. சுந்தரரும் மணிவாசகரும் தம்மைத் தாமே இழித்துக்கொண்ட மரபின் நீட்சி அது. அதனை வாழ்க்கைக் குறிப்பாக வாசித்தவர்கள் ஒரு பரத்தமைக் கதையைக் கட்டினார்கள். திரைப்படம் அக்கதைக்கு உடலும் குரலும் தந்தது. வீழ்ச்சி என்பது ‘நான்’ விழுவது, தாங்குதல் என்பது அருள் என்ற பொருளைக் காமிராவால் காட்ட இயலாது. அதற்கு வேண்டியது விழும் உடலும் ஏந்தும் கையும்தான். கந்தரனுபூதி போற்றும் பேச்சிழந்த நிலையைப் படமாக்குவது அதனினும் கடினம்.

ஆனால் இப்படத்தைத் தள்ளிவிட மனம் வரவில்லை. ‘பட்டினத்தார்’ படத்தில் 1962இல் நடித்த டி. எம். சௌந்தரராஜனே இதிலும் நாயகர். நடிப்பு ஒருபுறமிருக்கட்டும். 1963இல் மறைந்த ஜி. ராமநாதனும் டி. ஆர். பாப்பாவும் இசைப்பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட இப்படத்தில், ‘முத்தைத்தரு’ என்ற பாடலை அவர் சந்தம் சிதறாமல் பாடியிருக்கிறார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்து வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை அச்சேற்றிய திருப்புகழ், ஓதுவார்களையும் பஜனை மடங்களையும் தாண்டி ஒலிபெருக்கிவரை வந்து சேர்ந்தது இப்படித்தான். வகுப்பில் அப்பாடலின் வண்ணத்தை விளக்கத் தொடங்கினால், யாப்பறியாத மாணவரும் மெட்டோடு சேர்ந்துகொள்கிறார்கள். அவர்களுள் படத்தைப் பார்த்தவர் அநேகமாக ஒருவரும் இரார்.