ஆறு காரில் நாலாவது: நரேனும் பட்டனும்

திருவான்மியூர் சிக்னலைத் தாண்டி ஈசிஆர் பக்கம் திரும்பினதும் பைக்கை முறுக்குற பசங்களைப் பார்த்து, "பெரிய நரேன் கார்த்திகேயன்னு நெனப்பு" என்று திட்டுவது நம்ம ஊர் வழக்கம். அதே ஆட்கள் ஆபீஸ் கேண்டீனில் கார் ரேஸ் பேச்சு வந்தால், "அட, மொத்தமே ஆறு கார்தான் ஓடுச்சு, அதுல நாலாவது வந்தாரு" என்று சிரிப்பார்கள். திட்டுறதுக்கும் அவர் பெயர், சிரிக்கிறதுக்கும் அவர் பெயர். இந்தச் சிரிப்பு நியாயமா என்று பார்க்க எனக்குத் தோதாகக் கிடைத்தவர் ஒரு பிரிட்டிஷ்காரர்: ஜென்சன் பட்டன்.

ஏன் பட்டன்? ரெண்டு பேரும் ஒரே படிக்கட்டில் ஏறியவர்கள். பட்டன் 1980ல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்தவர். அப்பா ஜான் பட்டன் ராலிகிராஸ் ஓட்டுனர். நரேன் 1977ல் சென்னையில் பிறந்து கோயம்புத்தூரில் வளர்ந்தவர். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன், தென்னிந்திய ராலியை ஜெயித்தவர். ரெண்டு வீட்டிலும் பெட்ரோல் வாசனை உண்டு.

வித்தியாசம் தூரத்தில்தான். பட்டனுக்கு சில்வர்ஸ்டோன், பிராண்ட்ஸ் ஹாட்ச் எல்லாம் உள்ளூர். வில்லியம்ஸ், மெக்லாரன், ஜோர்டான் என்று பெரிய டீம்களின் பட்டறைகளும் இங்கிலாந்திலேயே. நரேனுக்கு இங்கே இருந்தது மாருதி 800 இன்ஜினை வைத்து ஓடின ஃபார்முலா மாருதி. அதை வடிவமைத்தவர் கோவை கரிவர்தன். ஓட்ட இருங்காட்டுக்கோட்டை. அதுக்கு மேல ஏறணும்னா விமானம்தான். பதினைந்து வயதில் ஃபிரான்சில் பயிற்சி, அடுத்து இங்கிலாந்து. 1994ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை ஜெயித்தார். ஐரோப்பாவில் சாம்பியன்ஷிப் ஜெயித்த முதல் இந்தியர். 1996ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன்.

இப்ப மேட்டருக்கு வருவோம். 1999. பிரிட்டிஷ் ஃபார்முலா 3. சென்னா, ஹக்கினென் எல்லாம் ஜெயித்து மேலே போன தொடர். அந்த வருஷம் பட்டனும் நரேனும் ஒரே களத்தில் ஓடினார்கள். பட்டன் மூன்று ரேஸ் ஜெயித்து, சாம்பியன்ஷிப்பில் மூன்றாவது. நரேன் கார்லின் டீமுக்காக பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் ரெண்டு வெற்றி. பட்டன்தான் மேலே, அதில் சந்தேகமில்லை. ஆனா மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசமா? இல்லை.

அடுத்து நடந்ததுதான் கதை. மார்ச் 2000ல், இருபது வயதில், பட்டன் வில்லியம்ஸ் காரில் மெல்போர்னில் ஃபார்முலா 1 ஓட்டுகிறார். நரேன் அதே வருஷம் பிரிட்டிஷ் ஃபார்முலா 3ல் நாலாவது. 2001ல் ஜாகுவார் காரை சில்வர்ஸ்டோனில் சோதனை ஓட்டம் ஓட்டி, எஃப்1 கார் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவ்வளவுதான், சீட் இல்லை. 2004க்கு மினார்டியிலிருந்து வாய்ப்பு வந்தும், தேவையான ஸ்பான்சர் பணம் சேரவில்லை. கடைசியில் அதே மெல்போர்ன், மார்ச் 2005. ஜோர்டான் கார், வயது இருபத்தெட்டு.

அந்த ஐந்து வருஷம் சும்மா போகவில்லை. பட்டன் அதற்குள் நூறு ரேஸை நெருங்கிவிட்டார். ஜோர்டானோ கைமாறி, பேர் மட்டும் மிச்சமிருந்த டீம். வரிசையின் வாலில் இருந்த கார்.

இனி அந்த ஆறு கார். 19 ஜூன் 2005, இண்டியானாபோலிஸ். சாய்வான கடைசி வளைவில் மிஷெலின் டயர்கள் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமையே ரால்ஃப் ஷூமேக்கர் சுவரில் மோதியிருந்தார். வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்பு வளைவு வைக்கலாம் என்ற யோசனையை எஃப்ஐஏ ஏற்கவில்லை. மிஷெலின் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று வந்துவிட்டு உள்ளே போய்விட்டன. பட்டனின் காரும் அதில் ஒன்று. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டி மட்டும் ஓடின. நரேன் நாலாவது, 5 புள்ளி. அந்த சீசனில் ஜோர்டான் எடுத்ததே மொத்தம் 12தான். நரேனின் டீம் கூட்டாளி மான்டீரோ அன்று மூன்றாவது வந்தார் என்பதையும் சொல்லிவிடணும்.

அதே வருஷம் ஜப்பானை யாரும் பேசுவதில்லை. சுசுகாவில் தகுதிச்சுற்றின் பிற்பகுதியில் மழை கொட்டியது. நரேன் 11வது இடம். ஷூமேக்கர் 14, அலோன்சோ 16, ரைக்கோனன் 17. மழை கொடுத்த அதிர்ஷ்டம்தான், ஒத்துக்கலாம். ஆனா ரேஸ் முடிந்தபோது 17ல் கிளம்பின ரைக்கோனன் முதலாவது, 11ல் கிளம்பின நரேன் 15வது. காரின் பலம் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக யாராலும் விளக்க முடியாது.

காரின் பலத்தைப் பட்டனும் அறிவார். 2008ல் ஹோண்டா காரில் அவர் எடுத்தது மூன்றே புள்ளி. அடுத்த வருஷம் பிரான் கார் கிடைத்தது, உலக சாம்பியன். ஓட்டுனர் அதே ஆள்தான். நரேனுக்கு அப்படி ஒரு 2009 வாய்க்கவே இல்லை. 2011ல் நொய்டா பக்கத்தில் முதல் இந்தியன் கிராண்ட் பிரீ நடந்தபோது பட்டன் மெக்லாரனில் இரண்டாவது. நரேன் எச்ஆர்டியில் 17வது. 2012 முடிவில் அந்த டீமே மூடப்பட்டது.

சுவாரசியம் என்னன்னா, 2019ல் ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடரில் ரெண்டு பேரும் ஹோண்டா காரில், ஒரே களத்தில். பிரிட்டிஷ் ஃபார்முலா 3 முடிந்து சரியாக இருபது வருஷம். அந்த நவம்பரில் ஃபூஜியில், ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் கலந்துகொண்ட ரேஸ் ஒன்றை நரேன் ஜெயித்தார். வயது 42.

அந்த 5 புள்ளிக்கு அப்புறம் எஃப்1ல் இன்னொரு இந்தியர் ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. நம்ம சென்னைப் பையன் கருண் சந்தோக்கும் 2010ல் அதே எச்ஆர்டியில்தான் தொடங்கினார். 2024ல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி ரேஸ் நடத்தி அசத்தினோம், சந்தோஷம். ஆனா அங்கே ஓட்டுற ஒரு பதினேழு வயசுப் பையனுக்கு அடுத்த படி இன்னும் விமானம் ஏறித்தான். நரேனைப் பார்த்துச் சிரிக்கிறவங்க, முதல்ல அந்தப் பையனோட டிக்கெட்டுக்குப் பணம் யார் கொடுப்பாங்கன்னு யோசிக்கட்டும்.