மண் தந்த மருந்து



மழைக்காலத்தில் ஈரச் சுவரில் படரும் பூசணத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊறுகாய்ச் சாடியில் ஈரக் கரண்டி பட்டுவிட்டால் சில நாட்களில் அது பூத்துப் போவதையும், மூடி வைத்த ரொட்டித் துண்டின்மேல் பஞ்சுபோல் ஒன்று முளைப்பதையும் கண்டிருப்பீர்கள். இவையெல்லாம் பூஞ்சை என்னும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. அவற்றின் நுண்ணிய வித்துக்கள் நாம் மூச்சுவிடும் காற்றில் எப்பொழுதும் மிதந்துகொண்டிருக்கின்றன. நாள்தோறும் அவற்றை உள்ளிழுக்கிறோம். ஆயினும் நமக்கு ஒன்றும் நேர்வதில்லை. நம் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் அவற்றை நாம் அறியாமலேயே அழித்துவிடுகின்றன.

ஆனால், எல்லாருக்கும் அந்தக் காவல் இருப்பதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இரத்தப் புற்றுநோய்க்கு மருந்துண்பவர், பிறர் தந்த சிறுநீரகத்தைப் பெற்று வாழ்பவர், எய்ட்ஸ் நோயால் எதிர்ப்பாற்றல் குன்றியவர், கட்டுக்கடங்காத நீரிழிவு உடையவர் ஆகியோரிடத்தில் காவல் தளர்ந்து கிடக்கிறது. சுவரில் படர்ந்த எளிய பூசணத்தின் இனத்தார், அத்தகையோரின் நுரையீரலிலும் குருதியிலும் மூளையிலும் புகுந்து உயிரையே கவர்ந்துவிடுகின்றனர். இந்நோய்களுக்கு மனிதன் மருந்து தேடிய வரலாற்றையே நான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்வரலாற்றை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர் ஒருவராவது என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. ‘1940களிலேயே பெனிசிலின் பெருவாரியாகக் கிடைத்துவிட்டதே, பாக்டீரியாவைக் கொன்ற அதே மருந்தால் பூஞ்சையைக் கொன்றிருக்கக் கூடாதா?’ என்பதே அது. நல்ல கேள்வி. விடை உறவுமுறையில் இருக்கிறது. பாக்டீரியா நமக்கு மிகத் தொலைவான உயிர். அதன் உயிரணுவைச் சுற்றி நம்மிடம் இல்லாத ஒரு சுவர் உண்டு. பெனிசிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. நம் உடலுக்குத் தீங்கு செய்வதில்லை. பூஞ்சையோ நமக்கு நெருங்கிய உறவு. உயிர்களின் குலமரபை ஆராய்ந்தோர், பூஞ்சை செடிகொடிகளைக் காட்டிலும் விலங்குகளுக்கே அண்மையானது என்று கண்டிருக்கின்றனர். அதன் உயிரணுவின் அமைப்பு பெரும்பாலும் நம் உயிரணுவின் அமைப்பேயாகும். ஆகவே, அதற்கு நஞ்சாவது நமக்கும் நஞ்சாகிவிடுகிறது. நெல்லுக்கிடையே நெல்லைப் போலவே வளர்ந்து நிற்கும் களையைப் பறிக்கும் உழவனின் இடர்ப்பாடுதான் மருத்துவனுக்கும் ஏற்பட்டது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பூஞ்சை நோய்கள் பெருகியதற்கு நம் மருத்துவத்தின் வெற்றிகளே ஒரு காரணம். பலவகைப் பாக்டீரியாக்களையும் ஒருசேர அழிக்கும் மருந்துகள் வந்தபோது, குடலில் நமக்கு இடையூறின்றி வாழ்ந்த பாக்டீரியாக்களும் அழிந்தன. வெறுமையான அந்நிலத்தில் கேண்டிடா என்னும் பூஞ்சை தழைத்தது. பின்னர் புற்றுநோய் மருந்துகளும், ஸ்டீராய்டுகளும், உறுப்பு மாற்றுச் சிகிச்சையும் வந்தன. முன்னாளில் மாண்டிருக்கக்கூடிய பல்லாயிரவர் பிழைத்தனர். ஆனால், எதிர்ப்பாற்றல் குன்றியவராய்ப் பிழைத்தனர். அவர்களைக் காப்பது மருத்துவத்தின் புதிய கடமையாயிற்று.

அக்கடமையை முதன்முதல் திறம்பட ஏற்றவர் இரண்டு பெண்மணிகள். ஒருவர் எலிசபெத் லீ ஹேசன். மற்றவர் ரேச்சல் புல்லர் பிரவுன். ஹேசன் 1885ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து உறவினரால் வளர்க்கப்பட்டவர். நுண்ணுயிர் நூலில் வல்லவர். பிரவுன் 1898இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர், வேதியியலில் தேர்ந்தவர். இருவரும் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றினர். ஆயினும் ஹேசனின் ஆய்வுக்கூடம் நியூயார்க் நகரிலும், பிரவுனுடையது மாநிலத் தலைநகரான ஆல்பனியிலும் இருந்தன. இடைத்தொலைவு ஏறத்தாழ 240 கிலோமீட்டர்.

அவர்கள் மருந்தைத் தேடிய இடம் மண். முதல் மழை பெய்தவுடன் மண்ணிலிருந்து ஒரு மணம் எழுகிறதல்லவா? அம்மணத்தைத் தருபவற்றுள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர் இனம் முதன்மையானது. மண்ணுக்குள் இடத்துக்காகவும் உணவுக்காகவும் ஓயாது போராடும் உயிர்களில் அதுவும் ஒன்று. தன் அண்டை அயலாரை அடக்குவதற்கு அது பலவகை வேதிப் பொருள்களைச் சுரக்கிறது. காசநோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அவ்வினத்திலிருந்தே கிடைத்தது. பூஞ்சையை அடக்கும் பொருளும் அங்கேயே இருத்தல் கூடும் என்று இவ்விருவரும் கருதினர்.

1948ஆம் ஆண்டில் பணி தொடங்கியது. ஹேசன் பல இடங்களிலிருந்து மண்ணைத் திரட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்து, பூஞ்சையை அடக்குவன எவை என்று பார்ப்பார். பயனுடையதாகத் தோன்றியதைக் கண்ணாடிச் சாடியிலிட்டு அஞ்சலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து செயலாற்றும் பொருளைப் பிரித்தெடுத்து மறு அஞ்சலில் திருப்பி அனுப்புவார். அது பூஞ்சையைக் கொல்கிறதா, விலங்குகளுக்குத் தீங்கு செய்கிறதா என்று ஹேசன் மீண்டும் சோதிப்பார். பூஞ்சையைக் கொன்ற பொருள்களுட் பெரும்பாலானவை சோதனை விலங்குகளையும் கொன்றன. சாடிகள் போவதும் வருவதுமாக இருந்தன. தோல்விகள் அடுக்கடுக்காக வந்தன. இருவரும் சலிக்கவில்லை.

இறுதியில் வர்ஜீனியா மாநிலத்தில், ஹேசனின் நண்பரான நர்ஸ் என்பாரின் பண்ணையில் எடுத்த மண்ணில் அவர்கள் தேடியது கிடைத்தது. அந்நுண்ணுயிருக்கு ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் நர்சி’ என்று அந்நண்பரின் பெயரையே சூட்டினர். 1950ஆம் ஆண்டு அக்டோபரில் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தபோது ஹேசனுக்கு வயது 65. நியூயார்க் மாநிலத்தின் பெயரைத் தழுவி மருந்துக்கு ‘நிஸ்டாட்டின்’ என்று பெயரிடப்பட்டது. 1954இல் அது கடைக்கு வந்தது.

அம்மருந்தின் உரிமைத் தொகையாக, காப்புரிமைக் காலம் முடிவதற்குள் 1.3 கோடி டாலருக்கும் மேல் வந்தது. அதில் ஒரு காசையும் அவ்விருவரும் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. முழுவதையும் அறிவியல் ஆராய்ச்சிக்கே வழங்கிவிட்டனர். 1966ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வெள்ளம் புகுந்து, பழைய ஓவியங்களில் பூசணம் படர்ந்தபோது, அவற்றைக் காக்கவும் நிஸ்டாட்டின் பயன்பட்டது. மனிதனுக்காகத் தேடிய மருந்து அவனுடைய கலைச் செல்வத்துக்கும் உதவியது.

ஆனால், நிஸ்டாட்டினுக்கு ஓர் எல்லை இருந்தது. அது வாயிலும் குடலிலும் தோலிலும் உள்ள பூஞ்சையைக் கொல்லும். குடலிலிருந்து குருதியில் கலப்பதில்லை. ஊசி வழியே செலுத்தினாலோ நஞ்சாகும். உடலின் உட்பகுதியில் புகுந்துவிட்ட பூஞ்சைக்கு வேறு மருந்து வேண்டியிருந்தது. 1950களின் நடுவில், தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டில் ஓரினோக்கோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து, ஸ்குவிப் நிறுவனத்தார் இன்னொரு பொருளைக் கண்டனர். அதுவே ஆம்போடெரிசின் பி.

இதன் செயல்முறையை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. உயிரணுவைப் போர்த்தியுள்ள சவ்வில் கொழுப்பினப் பொருளொன்று உண்டு. நம் உயிரணுவில் அது கொலஸ்டிரால். பூஞ்சையின் உயிரணுவில் அது எர்கோஸ்டிரால். இரண்டும் உடன்பிறந்தார்போல் ஒத்திருப்பினும் சிறு வேறுபாடு உண்டு. ஆம்போடெரிசின் எர்கோஸ்டிராலை இறுகப் பற்றிச் சவ்வைக் கெடுக்கிறது. கொலஸ்டிராலைச் சற்றே தளர்வாகப் பற்றுகிறது. அந்தச் சிறு வேறுபாட்டை நம்பியே நோயாளியின் உயிர் நிற்கிறது. மருந்து ஏறும்போது காய்ச்சலும் நடுக்கமும் காணும். நாள்தோறும் செலுத்தச் செலுத்தச் சிறுநீரகம் பழுதுபடும். அமெரிக்க மருத்துவர்கள் இதன் பெயரையே திரித்து, ‘கொடிய மருந்து’ என்று பொருள்படும்படி வழங்கினர். இருந்தும் கைவிட முடியவில்லை. கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை மூளையின் உறையைத் தாக்கினால், இம்மருந்துக்கு முன் பிழைத்தவர் அரியர். இம்மருந்து வந்தபின் பலர் பிழைத்தனர்.

நம் நாடும் இத்தேடலில் வாளாவிருக்கவில்லை. புனேக்கு அருகிலுள்ள பிம்ப்ரியில் 1954இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசுத் தொழிற்கூடத்தில், திருமலாச்சாரும் அவருடைய துணைவர்களும் 1960களின் தொடக்கத்தில் ஹாமைசின் என்னும் பூஞ்சைக்கொல்லியைக் கண்டனர். அதைச் சுரந்த மண்ணுயிருக்கு அவ்வூரின் பெயரால் ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா’ என்று பெயர் வழங்குகிறது.

அதன்பின் ஆராய்ச்சி இரண்டு வழிகளில் சென்றது. ஒன்று, புதிய மருந்துகளைத் தேடுவது. எர்கோஸ்டிரால் உண்டாவதையே தடுக்கும் புளூகொனசோல், 1980களின் இறுதியில் இங்கிலாந்தில் வழக்கத்துக்கு வந்தது. அது மாத்திரையாக உண்ணத்தக்கது, தீங்கு குறைந்தது. பூஞ்சைக்கு மட்டுமே உரிய வெளிச்சுவரைத் தாக்கும் காஸ்போபஞ்சின் 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மற்றொரு வழி, பழைய மருந்தைப் பண்படுத்துவது. பிரிட்டிஷ் அறிஞர் அலெக் பாங்கம், கொழுப்புப் பொருள்கள் நீரில் நுண்ணிய உருண்டைகளாகத் திரள்வதை 1960களில் விளக்கியிருந்தார். அவ்வுருண்டைக்குள் ஆம்போடெரிசினை வைத்துச் செலுத்தினால் சிறுநீரகத்துக்கு நேரும் கேடு பெரிதும் குறைகிறது. 1990களில் இம்முறை நடைமுறைக்கு வந்தது.

மருந்து உண்டு, ஆயினும் அது நோயாளியின் கைக்கு எட்டவில்லை. தென் ஆப்பிரிக்காவில் கிறிஸ்டபர் மொராகா என்பவர் எய்ட்ஸ் நோயாளிகளின் உரிமைக்காகப் பாடுபட்டவர். அவருடைய உணவுக் குழாயில் பூஞ்சை படர்ந்தது. புளூகொனசோல் அவரைக் காத்திருக்கக் கூடும். விலையோ அவரால் கொடுக்கக் கூடியதன்று. 2000ஆம் ஆண்டு அவர் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய தோழர் சாக்கி ஆக்மட் தாய்லாந்துக்குச் சென்று, அங்கே மலிவாகச் செய்யப்பட்ட அதே மருந்தை வாங்கி, காப்புரிமைச் சட்டத்தை வெளிப்படையாக மீறித் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். அவ்வியக்கத்துக்கு மொராகாவின் பெயரையே சூட்டினர். ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய வரலாறு இவ்வாறு அறப்போராட்டத்திலும் கலந்தது.

அண்மைக் கால ஆராய்ச்சி ஒன்று இவ்விரண்டையும் இணைக்கிறது. கிரிப்டோகாக்கஸ் மூளைநோய்க்கு ஆம்போடெரிசினை நாள்தோறும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ செலுத்துவது வழக்கம். இரத்தச் சோதனைக்கும் செவிலியருக்கும் பஞ்சமான மருத்துவமனையில் இஃது எளிதன்று. கொழுப்புருண்டையில் வைத்த மருந்தை ஒரே நாளில், ஒரே முறை, மிகுந்த அளவில் செலுத்தினால் என்ன? உடன் இரண்டு வாரம் மாத்திரைகள் கொடுத்தால் போதாதா? போட்ஸ்வானா, மலாவி, தென் ஆப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய 5 நாடுகளில் 800க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. முடிவு 2022இல் வெளியாயிற்று. பத்து வாரத்துக்குள் இறந்தவர்கள் பழைய முறையில் 100க்கு 28.7, புதிய முறையில் 24.8. புதிய முறை பழையதற்குக் குறைந்ததன்று என்பது மெய்ப்பட்டது. பக்க விளைவுகளும் குறைந்தன. உலகச் சுகாதார நிறுவனம் அதே ஆண்டில் இம்முறையைப் பரிந்துரைத்தது. இங்கே புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓரினோக்கோ மண்ணில் கிடைத்த அதே பொருளை ஏழை நாட்டு மருத்துவமனைக்கு ஏற்றதாக அமைத்ததே வெற்றி. ஆனால், நான்கில் ஒருவர் இன்னமும் இறக்கிறார் என்பதையும் மறத்தலாகாது.

நமக்கும் இப்பாடம் நேராகவே கிடைத்தது. 2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையில், நீரிழிவு உடையவர்களும் ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்களுமான பலரைக் ‘கறுப்புப் பூஞ்சை’ என்று மக்கள் வழங்கிய மியூகோர்மைகோசிஸ் தாக்கியது. மூக்கில் தொடங்கிக் கண்ணுக்கும் மூளைக்கும் பரவிய அந்நோய்க்கு ஆம்போடெரிசினே முதன்மை மருந்து. அது போதிய அளவில் கிடைக்காமல் நோயாளிகளின் உறவினர் ஊர் ஊராக அலைந்தனர். அவ்வாண்டு ஜூனில் அம்மருந்தின்மேல் இருந்த வரி நீக்கப்பட்டது. உற்பத்தியும் விரைவுபடுத்தப்பட்டது. 60 ஆண்டுகளுக்கும் முன்பே அறியப்பட்ட மருந்துக்கு அன்று நாம் தவித்தோம்.

பூஞ்சைகளும் மாறிக்கொண்டே வருகின்றன. 2009இல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து முதன்முதல் அறியப்பட்ட ‘கேண்டிடா ஆரிஸ்’ பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. வயலில் பயிர்நோய்க்குத் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லிகளும், மருத்துவமனையில் பயன்படும் சில மருந்துகளும் ஒரே இனத்தவையாதலால், வயலிலேயே எதிர்ப்பைக் கற்றுக்கொண்ட ஆஸ்பெர்ஜிலஸ் நோயாளியின் நுரையீரலுக்கு வந்து சேர்கிறது. 2022 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம், முதலிடம் தந்து ஆராய வேண்டிய 19 பூஞ்சைகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது.

மாணவ நண்பர்களே! ஒரு சமுதாயத்தின் மருத்துவம் எத்தகையது என்று அறிய வேண்டுமானால், வலியோர் எவ்வாறு பிழைக்கிறார் என்று பார்ப்பது போதாது. தம் காவலை இழந்தவர் எவ்வாறு பிழைக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தப் பணிக்கு நுண்ணுயிர் நூல் வல்லாரும் வேண்டும், வேதியியலாரும் வேண்டும். மருந்தை மலிவாகச் செய்வோரும், அதைக் கடைக்கோடி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்போரும் வேண்டும். உங்களுள் சிலர் நாளை அவ்வரிசையில் நிற்கக்கூடும். அப்பொழுது, அஞ்சலில் சென்று வந்த அந்தக் கண்ணாடிச் சாடிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றுட் பெரும்பாலானவை தோல்வியையே சுமந்து சென்றன. ஆயினும் அடுத்த சாடி உரிய நாளில் அனுப்பப்பட்டது.