தொலைந்த நிரல் திரும்பும் வழி

நிரலின் பழைய பதிப்புகளைக் காக்கும் எஸ்சிசிஎஸ் கருவியை 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதினார். ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளின் வரிகளையும் அது ஒரே கோப்புக்குள் பின்னி வைத்தது. 1980களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி உருவாக்கிய ஆர்சிஎஸ், கடைசிப் பதிப்பை முழுதாக வைத்து, அங்கிருந்து பின்னோக்கிப் போவதற்கான வேறுபாடுகளை மட்டும் சேமித்தது. இரண்டிலும் பதிவு செய்ததை மீட்கலாம்; பதிவு செய்யாதது போனால் போனதுதான்.

லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற பதிப்புக் கருவியின் இலவச உரிமம் விலக்கப்பட்டதால், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்ற மாற்றுக் கருவியை எழுதத் தொடங்கினார். இதில் ‘கமிட்’ எனப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் 40 எழுத்து அடையாளம் உண்டு. கமிட்டுகளின் தொடரைக் குறிக்கும் கிளையை அழித்தாலும் உடனே மறைவது அதன் பெயர்தான். கமிட் களஞ்சியத்திலேயே கிடக்கும். ஆனால் அந்த 40 எழுத்தை யாராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. இந்தப் பெருங்குறையைத் தீர்த்தது ரெஃப்லாக். கிளையின் முனை நகரும்போதெல்லாம் பழைய இடத்தையும் புதிய இடத்தையும் அது ஒரு வரியாகக் குறித்துவைக்கிறது. 2007 பிப்ரவரியில் வந்த 1.5.0 பதிப்பிலிருந்து நிரலாளர் கேட்காமலே இது இயங்குகிறது. கிளையை வேறு கமிட்டுக்கு நகர்த்தும் ‘ரீசெட் ஹார்டு’ கட்டளையைத் தவறுதலாகக் கொடுத்தவர், அந்தப் பட்டியலில் முந்தைய வரியைப் பார்த்து அதே இடத்துக்குத் திரும்பலாம்.

கமிட் செய்யாமல், அதற்குத் தயார்ப்படுத்தும் ‘ஆட்’ மட்டும் கொடுத்த கோப்பையும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளை தேடித்தரும், கோப்பின் பெயர் மட்டும் இராது. ஆனால் மீட்பதற்குக் காலவரம்பு உண்டு: எந்தக் கிளையோடும் தொடர்பற்றுப்போன கமிட்டுகளின் ரெஃப்லாக் குறிப்புகளுக்கு இயல்பான கெடு 30 நாள். மற்றவற்றுக்கு 90 நாள்.